வேர்த்த கை

அதிராம்பட்டினத்தில் உறவு மாதிரிப் பழகும் ஒரு வீடு எனக்கு உண்டு. ஒரு மே மாதம் போயிருந்தபோது கூடத்து அலமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கும் அத்தர் குப்பிக்கும் நடுவே, புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்பளம் அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை. அதன் நடுவில் ஐந்து விரலையும் விரித்த ஒரு சின்னக் கையின் பள்ளம்.

அந்த வீட்டுச் சிறுமி செய்தது. ஒன்றாம் வகுப்பு முடித்தவள். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தட்டி, கையை அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் நாலு நாள் காயவைத்து உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். அன்னையர் தினம் மே மாதத்து இரண்டாம் ஞாயிறு. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் அப்போது பூட்டிக் கிடக்கும். அதனால் டீச்சர் சொல்லிக்கொடுத்த வேலையில்லை, அவளாகவே செய்தது. (1908-இல் அமெரிக்காவில் அந்த நாளைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், பின்னாளில் கடையில் விற்ற வாழ்த்து அட்டைகளைக் கண்டு கொதித்துப்போய், தான் தொடங்கிய நாளையே எதிர்த்துச் சண்டை போட்டார். இந்த வில்லையைப் பார்த்திருந்தால் கோபம் தணிந்திருக்கும்.)

கல் மாதிரிக் காய்ந்திருந்ததாம். அலமாரியில் வைத்த மூன்றாம் நாள் காலை பார்த்தால் பள்ளம் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர்.

"உம்மா, என் கைக்கு வேர்க்குது" என்று ஓடிவந்து சொன்னாளாம். உம்மா துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வெயிலில் வைத்தார். மாலையில் காய்ந்தது. அடுத்த நாள் விடியலில் மறுபடி வேர்த்தது.

"காக்கா, நீங்கதான் இதையெல்லாம் எழுதுறீங்களே. மழையுமில்ல, யாரும் தண்ணி தெளிக்கவுமில்ல. வூட்டுக்குள்ள இருக்கறது எப்படி நனையும்?" என்றார் அவர். (அவருக்கு நான் காக்கா, அதாவது அண்ணன்.)

நான் கேட்ட முதல் கேள்வி: எந்த உப்பு? கல்லுப்பு, மிக்ஸியில் அரைத்தது. பாதி விடை அதிலேயே வந்துவிட்டது.

உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒரு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை உப்பைப் போட்டு, இறுக மூடி வையுங்கள். சில மணி நேரம் கழித்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் ஈரப்பதத்தை அளந்தால் 75 சதவீதம் இருக்கும். சென்னை வெயிலிலும் ஊட்டிக் குளிரிலும் கிட்டத்தட்ட அதே 75. ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இந்தப் பாட்டிலையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றில் ஈரம் 75-க்குக் கீழே இருந்தால் உப்பிலிருந்து நீர் காற்றுக்குப் போகும்; மேலே போனால் காற்றிலிருந்து நீர் உப்புக்கு வரும். வந்த நீரில் உப்பின் மேற்பரப்பு கரையும், கரைந்த உப்புநீர் இன்னும் நீரை இழுக்கும்.

ஈரப்பதம் என்பது காற்றிலுள்ள நீரின் அளவு மட்டுமல்ல, அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு தாங்குமோ அதில் எத்தனை பங்கு என்பது. 33 டிகிரிச் சூட்டில் 65 சதவீதமாக இருந்த அதே காற்று, ஒரு சொட்டு நீர்கூடக் கூடாமல், விடியலில் 28 டிகிரிக்கு இறங்கினாலே 85-ஐத் தாண்டிவிடும். பகலில் கோட்டுக்குக் கீழே, இரவில் கோட்டுக்கு மேலே. கடலை வாசலில் வைத்திருக்கும் ஊரில் இது தினசரி நடப்பு. பகலில் காய்ந்து விடியலில் வேர்த்த அந்தக் கை, தன்னையறியாமல் ஒரு வானிலை நிலையமாக வேலை பார்த்திருக்கிறது.

மீதிப் பாதி விடை ஊருக்கு வெளியே உப்பளத்தில் கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அத்தனையும் நாம் சாப்பிடும் உப்பு இல்லை. அது நாலில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். பாத்தியில் கட்டிய நீர் வற்ற வற்ற ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து இறங்கும். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சாப்பாட்டு உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. கடைசிவரை இறங்காமல் அடம்பிடிப்பது மக்னீசியம். அது செறிந்த கசப்பு நீர் மிஞ்சும்போது உப்பை வாரிவிட்டு அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள். எவ்வளவு நன்றாக வடித்தாலும் கல்லுப்பின் மேல் அந்தக் கசப்பு நீர் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வரும். மக்னீசியம் குளோரைடின் கோடு 75 இல்லை, 33! கடலோர ஊரில் அந்த அளவுக்குக் காற்று காய்வது அபூர்வம். கல்லுப்பு ஜாடி எப்போதும் அடியில் நசநசவென்று இருப்பதன் காரணம் இதுதான்.

இத்தனை தொல்லை தரும் உப்பை ஏன் மாவில் போடவேண்டும்? வெறும் மைதாவாக இருந்தால் இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறியிருக்கும். உப்பு செறிந்த நீர் பூசணத்துக்கு எட்டாத நீர். கண்ணுக்கெதிரே இருந்தாலும் அதனால் உறிஞ்ச முடியாது. கருவாடு கெடாமல் இருப்பதும் இதே கணக்கில்தான். காப்பாற்றுவதும் உப்பு, வேர்க்க வைப்பதும் உப்பு. (உப்பு மாவு பிசையும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒரு கண் வைத்திருக்கவேண்டும். அவ்வளவு உப்பு சின்ன வயிற்றுக்குள் போவது விளையாட்டில்லை.)

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். சிறுமிக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. வில்லையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "மாமா, கோடெல்லாம் தெரியுது பாருங்க" என்றாள்.

செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கைப் பள்ளம் வேர்த்து மழுங்கியிருந்தது. ஆனால் கட்டைவிரல் நுனியில் ஒரு சுழி, மயிரிழை வரிகளோடு, அப்படியே இருந்தது. சொல்லப்போனால், அவள் உம்மாவுக்குக் கொடுத்த பரிசில் அவள் செய்யாத பகுதி அதுதான்.

அந்தச் சுழி உருவானபோது அவள் உம்மாவின் வயிற்றுக்குள் எலுமிச்சம்பழ அளவில் இருந்தாள். கருவுக்குப் பத்து, பதினோரு வாரம் ஆகும்போது விரல் நுனியில் வரிகள் எழத் தொடங்குகின்றன. பதினேழாவது வாரத்துக்குள் கோலம் முடிவாகிவிடுகிறது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கும்போது, உள்ளே இருக்கும் கைக்கு ரேகை போட்டு முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

யார் போட்டது என்ற கேள்விக்குப் பதில் தேடினால் பாதை போத்தனூர் வழியாகப் போகிறது.

கோயம்புத்தூரை ஒட்டிய அந்தப் போத்தனூரில் 1881-இல் எதெல் சாரா ஸ்டோனி என்ற பெண் பிறந்தார். தந்தை மதராஸ் ரயில்வேயில் பொறியாளர். சாரா மணந்ததும் மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவரையே. பிள்ளைகள் இங்கிலாந்தில் வளர்ந்தார்கள், பெற்றோர் பல காலம் இங்கே இருந்தார்கள். இளைய மகன் ஆலன், பத்து வயதில், 1923 ஏப்ரலில் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினான். எழுதிய பேனாவே அவன் தன் கையால் செய்தது. அதைப் படமும் போட்டு விளக்கியிருந்தான். அதே ஆண்டு சாரா ஒரு சித்திரம் வரைந்தார்: பையன்கள் ஹாக்கி ஆடுகிறார்கள், ஒருவன் மட்டும் மட்டையைப் பிடித்தபடி குனிந்து தரையிலிருக்கும் டெய்சிப் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா மகனைச் சரியாகவே கணித்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீடுகளை உடைத்தவர், கணினிக்கு இலக்கணம் வகுத்தவர் என்று நாம் அறியும் ஆலன் டூரிங், 1952-இல் திரும்பவும் குனிந்து பூவைப் பார்க்கப் போய்விட்டார். உயிர்களின் மேல் வரியும் புள்ளியும் எப்படி வருகின்றன என்று அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் சொன்னதைச் சமையலறைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். தோலுக்குள் இரண்டு பொருள்கள் பரவுகின்றன. ஒன்று "எழு" என்கிறது, தன்னையும் பெருக்கிக்கொள்கிறது, தன் எதிரியையும் உண்டாக்குகிறது. அந்த எதிரி "படு" என்கிறது. "எழு" மெல்ல நகரும், "படு" வேகமாக ஓடும். எங்கோ ஓரிடத்தில் "எழு" தற்செயலாகச் சற்று ஓங்கினால் அங்கே ஒரு மேடு. அதிலிருந்து பிறந்த "படு" முந்திக்கொண்டு சுற்றிலும் பரவி அடக்கிவிடுவதால் பக்கத்தில் பள்ளம். இன்னும் தள்ளிப் போனால் "படு"வின் அதிகாரம் தேய்ந்துவிடும். அங்கே அடுத்த மேடு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். வரைபடம் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். வரிக்குதிரைக்கும் இது பொருந்துமா, சிப்பிக்கும் பொருந்துமா என்று அறிவியலாளர்கள் எழுபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2023-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று விரல் ரேகை டூரிங் சொன்ன வழியில்தான் எழுகிறது என்று காட்டியது.

வரிகள் ஒரேயடியாக விரல் முழுதும் எழுவதில்லை. மூன்று இடத்திலிருந்து அலைபோலப் புறப்படுகின்றன. விரல் நுனி மெத்தையின் நடுவிலிருந்து ஒன்று, நகத்தடியிலிருந்து ஒன்று, கணுவின் மடிப்பிலிருந்து ஒன்று. எது முந்தியது, மெத்தை எவ்வளவு உப்பியிருந்தது, எங்கே மோதிக்கொண்டன என்பதைப் பொறுத்து நடுவில் சுழியோ கண்ணியோ வில்லோ அமைகிறது. தொடக்கத்துச் சின்னத் தற்செயல்கள் ஒரு விரலில் நடந்தபடி இன்னொன்றில் நடப்பதில்லை. ஆகவேதான் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறு வேறு. ஒரே பிள்ளையின் பத்து விரலிலும் வேறு வேறு.

தமிழில் ரேகை என்றால் ஒரு குழப்பம் உண்டு. ஜோசியர் பார்ப்பது உள்ளங்கை மடிப்புகளை. போலீஸ் பார்ப்பது வரிகளை. வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்க்கிறவர்கள் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரலை மையில் ஒற்றி, அதன் வகையை வைத்து ஓலைக்கட்டு தேடுகிறார்கள். அவர்கள் போலீஸ் கட்சி. ஓலையில் இருப்பதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அது இங்கே வேண்டாம். ஆனால் எழுதத் தெரியாதவரைக் "கைநாட்டு" என்று இளக்காரமாகச் சொல்கிறோமே, அது எனக்கு வெகுநாளாக உறுத்தல். கையெழுத்தைப் பழகிப் போலி செய்துவிடலாம். கைநாட்டுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

இதை முதலில் உணர்ந்த அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் ஹெர்ஷல். வங்காளத்து ஜங்கிப்பூரில் 1858-இல், சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவர் பின்னால் "கையெழுத்து என்னுடையதில்லை" என்று சொல்லிவிடக்கூடாதே என்று, அலுவலக முத்திரை மையைத் தடவி, முழு உள்ளங்கையையும் ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதியவைத்தார். பயமுறுத்தச் செய்ததுதான். பிறகு அதுவே பித்தாகி, பார்த்தவர் கையையெல்லாம் பதிந்து சேர்த்தார். அந்தச் சேகரிப்பில் ஒரு குழந்தையின் பதிவும் இருந்தது: 1877-இல், இரண்டரை வயதில் எடுத்தது. அதே பிள்ளையிடம் 1890-இல், பதினைந்து வயதில், மறுபடி எடுத்தார்கள். 1892-இல் பிரான்சிஸ் கால்டன் தன் நூலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார். விரல் பெரிதாகியிருந்தது, வரிகள் அதே வரிகள். எங்கே பிரிந்ததோ அங்கேயே பிரிந்தது, எங்கே முடிந்ததோ அங்கேயே முடிந்தது. அவர் ஒப்பிட்ட எல்லாருடைய ரேகைகளிலும் மாறியிருந்தது ஒரே ஓர் இடம்தான். அது இந்தப் பிள்ளையின் விரலில். குழந்தையில் பிளவுபட்டிருந்த ஒரு வரி, வளர்ந்தபின் ஒட்டியிருந்தது.

ஆக, குழந்தையின் கை வளரும்போது புது வரி முளைப்பதில்லை. இருக்கும் வரியே அகலமாகிறது. பலூனில் கோடு போட்டு ஊதினால் கோடு தடிக்கிறதே, அதுபோல. பெரியவர் விரலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. தொல்லியலாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் ஐரோப்பியர் வருமுன் வாழ்ந்த சினாகுவா மக்களின் களிமண் பொம்மைகளில், ஈரத்தில் பட்டுச் சூளையில் நிலைத்துப்போன விரல் பதிவுகள் இருந்தன. காத்ரின் காம்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வரி அகலத்தை அளந்து, அந்தக் கோணல் மாணலான விலங்கு பொம்மைகளைச் செய்தவை பெரும்பாலும் சிறுவர் கைகள் என்று 1999-இல் எழுதினார்கள். யாருக்காகச் செய்தார்கள் என்பது களிமண்ணில் இல்லை.

களிமண் நல்ல யோசனை என்று அந்தச் சிறுமியிடம் சொன்னேன். அவள் உடனே கடற்கரைக்குக் கிளம்பினாள். அதிராம்பட்டினத்துக் கடல் அலையடிக்கும் கடலில்லை. பாக் நீரிணையின் ஆழமில்லாத, குளம் மாதிரியான நீர். கரையில் மணலைவிடச் சேறு அதிகம். காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டியது. கால் வைத்தால் கெண்டைக்கால்வரை அச்சு விழும். அந்தச் சேற்றில் கை பதிக்கலாம், ஆனால் உலர்ந்ததும் உள்ளிருக்கும் உப்பு நீரோடு மேலே ஏறி வெள்ளைப் பொருக்காகப் பூத்து வரிகளைத் தின்றுவிடும். ஆகவே குயவரிடம் போய்க் குளத்து மண்ணாக வாங்கவேண்டும்; அதுவும் காய்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆறு வயதுக் கை நாலு வயதுக் கையாகிவிடும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "நான் சின்னப்புள்ளையா?" என்று கேட்டாள்.

மருதாணி என்றதும் முகம் மலர்ந்தது. பெருநாளுக்கு முந்தின இரவு இந்த ஊரில் மருதாணி வைத்துக்கொள்ளாத பெண்பிள்ளை இருக்காது. உள்ளங்கையில் வட்டம், விரல் நுனிகளில் தொப்பி, இரண்டு கையையும் விரித்தபடி தூக்கம். இலைக்குள் இருப்பது லாசோன் என்ற சாயம். அரைத்து, எலுமிச்சை பிழிந்து வைத்தால் அது மெல்ல வெளிப்பட்டு, தோலின் புரதத்தோடு வேதிப் பிணைப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். மேலே பூசிய வண்ணமில்லை. தோலே நிறம் மாறுகிறது. உள்ளங்கையில் இறந்த செல்களின் அடுக்கு தடிப்பு என்பதால் அங்கே நன்றாகச் சிவக்கும். சிவப்பின் அளவை வைத்து மாமியாரின் பாசத்தைக் கணிக்கிறவர்கள் அதைத் தோலின் தடிப்பென்று எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்கு நல்லது. அந்த அடுக்கு உதிர உதிர, இரண்டு மூன்று வாரத்தில் நிறமும் போய்விடும். வைத்த சில நிமிடத்திலேயே கறுக்கிறது என்று விற்கும் கூம்புகள் வேறு சங்கதி. அவற்றில் தலைச்சாய மருந்து கலந்திருக்கலாம், பிள்ளைகளின் கை வெந்து கொப்புளித்த கதைகள் உண்டு. இலையே போதும்.

உதிராத தோல் ஒன்று வேண்டுமென்றால் பட்டு. பருத்தி தாவரத்து நார். லாசோனுக்கு அதைப் பிடித்துக்கொள்ளக் கொக்கி கிடையாது, துவைத்தால் வெளிறிவிடும். பட்டு புழு நூற்ற புரதம், தோலுக்குத் தூரத்து உறவு. உம்மாவின் பழைய கல்யாணப் பட்டுச் சேலையிலிருந்து ரவிக்கை தைத்து மிஞ்சிய ஒரு துண்டு கிடைத்தது. சிறுமி கையில் விழுதைத் தடவி அதில் அழுத்தினாள். காயாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக் காலைவரை விட்டோம். செங்காவியில் ஒரு கை விழுந்திருந்தது. ஓரம் கசிந்து, விரல்கள் கொஞ்சம் தடித்து. வரி ஒன்றுகூடத் தெரியவில்லை. அளவு மட்டும் மிஞ்சியது. துவைத்தும் போகவில்லை. அதை அவள் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தரச்சொல்லி வாப்பாவிடம் கொடுத்தாள். வரிகளை வைத்திருந்த உப்புக் கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. குப்பைக்குப் போயிருக்கும் என்றே நினைத்தேன்.

அடுத்த தை மாதம் மறுபடி போனேன். அறுவடை நேரம். நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவித்துக்கொண்டு டெல்டா முழுக்க ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு: 17. அந்தச் சதவீதத்துக்கு மேல் நெல்லில் ஈரம் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாள் கணக்கில் சாலையில் பரப்பி உலர்த்துவார்கள். அரிசியாகிச் சேமிக்கும்போது 14-க்குக் கீழே இருக்கவேண்டும். அரிசியும் உப்பைப்போலக் காற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பொருள்தான். அவ்வளவு உலர்ந்த அரிசி நிறைந்த மூடிய பாத்திரத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65, 70-இல் போய் நிற்கும். வெளியே விடியலில் 90 ஆனாலும் உள்ளே அது அசையாது.

சோறாக்க அரிசி எடுக்கப் போன உம்மா, "காக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, வெள்ளை மல்துணியில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். பிரித்தால், வில்லை. காய்ந்து, கிணுகிணுவென்று. கட்டைவிரல் நுனியில் சுழி அப்படியே. போன வருஷமே எதற்கோ அதில் போட்டு வைத்ததாகவும், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வேர்க்கவில்லை என்றும் சொன்னார். சிறுமி வந்து தன் கையை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். விரல்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே நின்றன.

"அரிசி அள்ளப் போறப்பல்லாம் கையில தட்டுப்படும்" என்று சொல்லிக்கொண்டே உம்மா அதைத் திரும்பச் சுற்றி உள்ளே புதைத்து, நாலு ஆழாக்கு அளந்து எடுத்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடினார்.